மிச்ச மருந்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்!

தோட்டத்தை விட்டு ஜார்ஜ்டவுனுக்குக் குடிவந்தவர் வீட்டிலும் பழைய புல் மருந்துப் போத்தல் கிடக்கக்கூடும். பாராகுவாட் மருந்து மலேசியாவில் 2020 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. விழுங்கினால் அதை முறிக்க மாற்று மருந்தே கிடையாது.

"கொட்டிட்டா தீர்ந்துச்சு"ன்னு நினைக்காதீங்க. சாக்கடைத் தண்ணீர் ஆற்றுக்கும் கடலுக்கும்தானே போகிறது? 2019 மார்ச்சில் ஜொகூர் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

ஆகவே, மிச்ச மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் மாற்றாதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். வேறு மருந்தோடு கலக்காதீர்கள். ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல், மூடியை இறுக்கி, பூட்டி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவில் கேளுங்கள். யாராவது விழுங்கிவிட்டால், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காலிப் போத்தலில் எண்ணெய் மட்டும் ஊத்தி வைக்காதீங்க!