நாற்பதா, நூறா? இன்சுலின் ‘யூனிட்’ பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

இன்சுலின் குப்பியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 40, 100 ஆகிய எண்கள் மருந்தின் வீரியத்தைக் குறிக்கின்றன என்றும், நோய் முற்றியவர்களுக்கே நூறு எழுதித் தரப்படுகிறது என்றும் சர்க்கரை நோயாளிகள் பலரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியன்று. ஒரு மில்லிலிட்டர் மருந்தில் எத்தனை யூனிட் இன்சுலின் அடங்கியிருக்கிறது என்பதை, அதாவது செறிவை மட்டுமே, அவ்வெண்கள் தெரிவிக்கின்றன. இன்சுலின் வகை ஒன்றாக இருக்கும் வரையில், நாற்பதிலிருந்து எடுத்த 10 யூனிட்டும் நூறிலிருந்து எடுத்த 10 யூனிட்டும் உடலில் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வேறுபடுவது ஊசிக்குள் ஏறும் நீர்மத்தின் அளவே.

யூனிட் என்பது எடையாகவோ கொள்ளளவாகவோ பிறந்ததன்று, விளைவை அளக்கும் அலகாகப் பிறந்தது. 1920-களின் தொடக்கத்தில் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டபோது, அதைத் தூய நிலையில் நிறுத்துப் பார்க்க வழியில்லாமையால், 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறிப்பிட்ட தாழ்நிலைக்கு இறக்கத் தேவைப்படும் மருந்தின் அளவே கணக்கிற்கு அடிப்படையாயிற்று. பின்னர் அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு யூனிட் எனக் கொள்ளப்பட்டது. இன்றைய கணக்கில் ஒரு யூனிட் மனித இன்சுலின் ஏறத்தாழ 0.035 மில்லிகிராம் ஆகும். முயல் வழக்கொழிந்தாலும் அதைக் கொண்டு வகுத்த அலகு நிலைத்துவிட்டது.

யூனிட்டும் மில்லிலிட்டரும் ஒன்றே என்பதும், எந்தச் சிரிஞ்சிலும் ‘20’ என்னும் கோடு வரை இழுத்தால் 20 யூனிட் வந்துவிடும் என்பதும் இதனினும் ஆபத்தான நம்பிக்கைகள். சிவப்பு மூடியுள்ள இன்சுலின் சிரிஞ்சு நாற்பது செறிவுக்கும், ஆரஞ்சு மூடியுள்ளது நூறு செறிவுக்கும் கோடிடப்பட்டவை. முன்னதில் ‘20’ என்ற கோடு அரை மில்லிலிட்டரையும், பின்னதில் அதே கோடு 0.2 மில்லிலிட்டரையும் குறிக்கும். ஆகவே நூறு செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ‘20’ வரை எடுப்பவர் தம்மை அறியாமலே 50 யூனிட் போட்டுக்கொள்கிறார். இரண்டரை மடங்கான அந்த அளவு இரத்தச் சர்க்கரையைச் சரேலென இறக்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி நினைவிழப்பு வரை கொண்டு செல்லக்கூடும். நாற்பது செறிவுள்ள மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் எடுத்தாலோ 20-க்குப் பதிலாக 8 யூனிட்டே உடலில் சேரும். சர்க்கரை குறையவில்லையே என்று மருந்தின் மீது பழி விழும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இக்குழப்பத்துக்கு இடமுண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவர் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் நாற்பது செறிவுக் குப்பியைப் பெற்றுவந்து, பின்னர் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தனியார் மருத்துவர் எழுதித் தரும் புதுவகை இன்சுலினுக்கு மாறும்போது, அதுவும் 10 மில்லிலிட்டர் குப்பியிலேயே, ஆனால் நூறு செறிவில், கைக்கு வரலாம். குப்பியின் தோற்றம் பழகியதாக இருப்பதால், வீட்டில் மீந்திருக்கும் சிவப்பு மூடிச் சிரிஞ்சையே கை தேடும். இன்சுலின் பேனாவில் பொருத்தும் 3 மில்லிலிட்டர் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் நூறு செறிவுடையது. பேனாவின் ஊசி தீர்ந்துபோன நாளில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதும் இதே தவற்றில்தான் முடியும். முந்நூறு செறிவுள்ள பேனாக்களும் விற்பனையில் உள்ளன. அவற்றின் திருகு காட்டும் எண்ணே யூனிட் என்பதால் வீட்டில் பெருக்கவும் வகுக்கவும் வேண்டியதில்லை. சிரிஞ்சை அவற்றின் அருகே கொண்டுபோகவே கூடாது.

நாற்பது என்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்பதும் உண்மையன்று. அமெரிக்கா 1970-களிலும் பிரிட்டன் 1983-இலும் நூறு செறிவுக்கு மாறிவிட, இந்தியாவில் இரண்டும் அருகருகே விற்கப்படுகின்றன. ஒரே கடை அலமாரியில் இரு அளவுகோல்களை வைத்துவிட்டுப் பிழைக்கு நோயாளியைக் குறைகூறுவது நியாயமாகாது. மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர் குப்பியோடு போதிய சிரிஞ்சுகளையும் இங்கிருந்தே எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் அங்கே நாற்பதுக்கான சிரிஞ்சு பெரும்பாலும் நாய், பூனைகளின் மருத்துவத்துக்கே விற்கப்படுகிறது.

‘30/70’ என்னும் குறியீடும் செறிவன்று, வேளைக்கான அளவுமன்று. விரைந்து செயல்படும் இன்சுலின் 30 விழுக்காடும், மெல்லச் செயல்படும் இன்சுலின் 70 விழுக்காடும் கலந்த கலவை என்பதே அதன் பொருள். மருந்துச் சீட்டில் எண்ணுக்குப் பின் ‘யூ’ என்பதற்குரிய ஆங்கில எழுத்தை மட்டும் எழுதும் வழக்கத்தையும் விடுவது நலம். அவசரக் கையெழுத்தில் அது சுழியமாகத் தெரிந்து, பத்து நூறாகப் படிக்கப்படக்கூடும்.

சிரிஞ்சு வாங்கச் செல்பவர் ‘இன்சுலின் ஊசி’ என்று மட்டும் கேட்காமல் பயன்பாட்டிலுள்ள குப்பியின் அட்டைப்பெட்டியைக் கடையில் காட்டி, அதில் உள்ள எண்ணும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.