ஏற்காடு ஏற ஆர்எக்ஸ் 100: பட்டறைப் பேச்சில் எது உண்மை?

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்துவிட்டால், ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பிறகும் பலருக்கு ஆசை தார்ச்சாலையோடு அடங்குவதில்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செம்மண்ணும் சரளையுமாகக் கிளை பிரியும் பாதைகள் அழைக்கின்றன. 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐத் தேடிப் பிடித்து வாங்குகிறவர் முதலில் கேட்பது, "பவர் ஏத்தித் தர முடியுமா?" என்பதுதான். கிடைக்கிற யோசனைகளில் பாதி, வண்டியை இந்த மலைக்கே லாயக்கில்லாமல் ஆக்கிவிடும்.

98 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின் அது. 11 குதிரைத்திறன் கிடைப்பது 7,500 சுற்றில். உச்ச இழுவை 6,500 சுற்றில். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் திரும்பும்போதோ, ஈரமான வேர் மேல் பின்சக்கரம் ஏறும்போதோ என்ஜின் அதில் பாதிச் சுற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் முறுக்கினால் எவ்வளவு சீராக இழுக்கிறது என்பதே மலையேற்றத்தில் பவர். உச்சவேகக் கணக்கு இங்கே உதவாது.

"சைலன்சர் உள்குழாயை உருவிவிட்டால் மூச்சு விடும்"

இதை நம்பாத பட்டறை அபூர்வம். சத்தம் கூடுகிறது, காது அதை வேகமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் டூ ஸ்ட்ரோக்கின் புகைக்குழாய் வெறும் வடிகால் அல்ல. புகைவாய் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி, புதுக் கலவையை சிலிண்டருக்குள் இழுக்கிறது. குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலையோ, வாய்வழியே நழுவப் பார்க்கும் பெட்ரோலை மறுபடி உள்ளே தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இஸட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பொறியாளர் வால்டர் காடன் இந்தக் கணக்கைப் பழுக்கவைத்து, 1961-இல் 125 சிசி என்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அதே ஆண்டு அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். கூடவே அந்த ரகசியமும் போயிற்று. உலகம் துரத்திய அந்த நுட்பத்தைத்தான் நாம் ஹேக்சா பிளேடால் அறுக்கிறோம். கரி அடைத்திருந்தால் கரியை எடுங்கள், போதும். பந்தயக் குழாய் வாங்கி மாட்டினாலும், அது எந்தச் சுற்றுக்காக அளந்து செய்யப்பட்டது என்று கேட்டே ஆகவேண்டும். 9,000 சுற்றுக்குச் செய்த குழாய் வளைவில் படுத்துவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் இருக்கின்றன, தோட்டத்தில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். அந்த அலறல் அவர்கள் மேலும் விழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இஷ்டப்படி வண்டியை மாற்ற இடம் தருவதில்லை.

போர்ட்டை அரைத்து உயர்த்துவதும் இதே வகை. புகைவாய் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும், எரிந்த வாயு பிஸ்டனை அழுத்தும் தூரம் அவ்வளவு குறைகிறது. மேல்சுற்றில் லாபம், கீழ்சுற்றில் நஷ்டம். அரைத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

"மேலே காற்று மெல்லிசு, பெட்ரோலைக் கூட்டு"

நேர் எதிர். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 11 விழுக்காடு குறைகிறது. கார்புரேட்டர் இதை முழுதாக உணராது. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் விட்டுக்கொண்டே இருக்கும். கலவை தானாகவே கனத்துப் போகும். வண்டி விக்குவது, பிளக் கறுத்து ஈரமாவது எல்லாம் அதனால்தான். மேலேயே ஓட்டுகிறவர் 100 எண் மெயின் ஜெட்டை 95 ஆக்கிப் பார்க்கலாம். அதற்கு முன் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றிப் பாருங்கள். ஊசி இறங்கும், நடுச்சுற்று தெளியும்.

ஆபத்து இதற்கு மறுபக்கத்தில் இருக்கிறது. மே மாத மதியத்தில் மேலே பொருத்திய சின்ன ஜெட்டோடு மார்கழி விடியலில் அடிவாரத்தில் முழு முறுக்கு கொடுத்தால், குளிர்ந்து அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் பற்றாது. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே மேலும் கீழும் போய்வருகிற வண்டிக்கு ஜெட்டை முடிவு செய்ய வேண்டிய இடம் அடிவாரம், நேரம் குளிர்ந்த விடியல். காலியான நேர்ச்சாலையில் முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அங்கேயே என்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். நுனியைப் பார்த்துப் பயனில்லை. வெள்ளைப் பீங்கான் உள்ளே போய் முடியும் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள்: மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் சரி. வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் ஜெட் சிறிது.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசுவது பற்றி நீட்டவேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் காற்று முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டுதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. தோட்டப் பாதையின் செம்புழுதியும் அதே வழியில் போகும்.

"ஆயில் கூடுதலாகக் கலந்தால் என்ஜினுக்குப் பாதுகாப்பு"

ஒரு லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1. அதை 50 மில்லி ஆக்கினால், ஜெட் வழியே போகும் திரவத்தில் அந்த அளவு பெட்ரோல் குறைகிறது; கலவை மெலிகிறது, கரி கூடுகிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவில், நல்ல டூ டி ஆயிலைக் கலந்தால் போதும்.

உண்மையில் ஆயில் பற்றாமல் போவது இறக்கத்தில். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் வண்டியில் முறுக்கை மூடினால் பெட்ரோல் நிற்கிறது, கூடவே ஆயிலும் நிற்கிறது. கியரில் விட்டு 20 வளைவும் மூடிய முறுக்கோடு இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், சிலிண்டர் சுவர் காயும். ஏறும்போது தாங்கிய பிஸ்டன் இறங்கும்போது பிடிப்பது இப்படித்தான்.

இழுவை வேண்டுமென்றால் முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். 14 பல் இருந்த இடத்தில் 13 பல் போட்டால், சக்கரத்துக்குப் போகும் இழுவை எல்லாச் சுற்றிலும் 7 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. உச்சவேகம் கொஞ்சம் குறையும்; இந்தச் சாலையில் அது தேவைப்படாது. அடுத்தது கிராங்க் ஆயில் சீல். 30 வயது ரப்பர் வழியே திருட்டுக்காற்று புகுந்தால் எந்த ஜெட்டும் நிலையாகப் பொருந்தாது. சூடேறியதும் ஐடிலிங் தானாக ஏறினால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ரீட் வால்வு இதழ்களின் ஓரம் பிளந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

இறங்கும்போது என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டாதீர்கள். முன்னும் பின்னும் டிரம் பிரேக், பாதி மலையிலேயே சூடேறி வழுக்கும். கியரிலேயே வாருங்கள். இரண்டு வளைவுக்கு ஒருமுறை, நேர்த்துண்டு கிடைக்கும்போது கிளட்சைப் பிடித்து, ஆயில் உள்ளே போகும்படி முறுக்கை ஒரு தடவை திறந்து மூடுங்கள்.