கரண்ட் போன அன்று கற்ற பாடம்



எங்கள் ஊர் இளம்பிள்ளை. அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். சென்ற விடுமுறையில், அப்பா ஓட்டும் தறியின் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டியிருந்தது. "தம்பிதான் கம்ப்யூட்டர் படிக்குதே, அதுவே ஏத்தட்டும்" என்றார் தறிக்காரர். நானும் பெருமையோடு பென் டிரைவைச் சொருகினேன். பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டது. பெட்டி அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்த டிசைன்களுக்கு நகலும் இல்லை. போர்டு மாற்றி வர 10 நாள். அப்பாவுக்கு 10 நாள் கூலி போச்சு. அவர் திட்டவில்லை. "சேலை பாதியில நிக்கும்போது என்னடா கண்ணு அவசரம்?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபர்ம்வேர் என்பது போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்பில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. பெரிய அலுவலகங்களில் பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து நிர்வகிக்கும் ஸ்டோரேஜ் கன்ட்ரோலருக்கும் இது உண்டு. அங்கே தவறினால் ஒரு தறியல்ல, மொத்தக் கணக்கும் நின்றுவிடும்.

அப்படியானால் மாற்றாமலே விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்துதான். 2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சில எஸ்.எஸ்.டி. டிஸ்குகள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும், டேட்டாவும் மீளாது. ஒரே நாளில் பூட்டிய டிஸ்குகள் ஒரே சமயத்தில் போகும் என்பதால் ரெய்டு முறையும் காப்பாற்றாது. புதிய ஃபர்ம்வேர் ஏற்றுவதே வழி.

அவசரப்பட்டாலும் சிக்கல். 2009 ஜனவரியில் சீகேட் நிறுவனம் தன் பாரகூடா 7200.11 டிஸ்குகளின் கோளாறுக்குத் திருத்தம் வெளியிட்டது. அதை ஏற்றியதும் சில 500 ஜி.பி. டிஸ்குகள் வேலை செய்யவில்லை. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி சரிசெய்து தந்தது.

எனவே நினைவில் வைக்க வேண்டியவை:

1. முதலில் பேக்கப். அதிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுப் பார்த்த பிறகே அதை பேக்கப் என்று நம்புங்கள்.

2. ஃபர்ம்வேருடன் வரும் குறிப்பை முழுதும் படியுங்கள். தெரிந்த கோளாறுகள் அதில் இருக்கும். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவ முடியாமல், இடையில் வேறொன்றை ஏற்ற வேண்டியும் இருக்கலாம். பழையதற்குத் திரும்ப முடியுமா என்றும் பாருங்கள்.

3. இரட்டைக் கன்ட்ரோலர் இருந்தால் ஒன்று மாறும்போது மற்றது வேலையைச் சுமக்கும். ஆனால் சர்வரிலிருந்து இரண்டுக்கும் கேபிள் வழி இருக்க வேண்டும். ஒரு வழி மட்டும் இருந்தால் சர்வர் நின்றுவிடும்.

4. ஏற்கெனவே பழுதான டிஸ்கு, பலவீனமான கேஷ் பேட்டரி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

5. ஒரு கன்ட்ரோலர் மட்டும் ஓடும்போது வேகம் குறையும். வேலை குறைவான நேரமாகப் பாருங்கள். யு.பி.எஸ். கட்டாயம்.

6. டெஸ்ட் மெஷின் இருந்தால் அதில் முதலில். பிறகு ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் ஒரே இரவில் வேண்டாம்.

புதிய போர்டு வந்தது. அதற்கும் அதே ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டியிருந்தது. இந்த முறை சேலையை அறுத்து இறக்கிய பின், டிசைன்களை வேறு பென் டிரைவில் எடுத்துவைத்து, யு.பி.எஸ். இரவல் வாங்கி ஏற்றினேன். ஏறி முடியும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார். தறி ஓடியது.

படித்தவன் என்று நம்பி நம் கையில் கொடுக்கிறார்கள் நண்பர்களே. பட்டனை அழுத்துமுன் ஒரு நிமிடம் அதை நினைப்போம்.

– கணினிப் பொறியியல் மாணவன், இளம்பிள்ளை