சத்தம் போதலைன்னு வால்யூமை ஏத்தாதீங்க!

மண்டபம் பார்க்கப் போனா ஏசி ஓடுதா, ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம், கரன்ட் போனா ஜெனரேட்டர் உண்டான்னு துருவித் துருவிக் கேப்போம். மைக் செட்டைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டோம். மேனேஜர் "எல்லாம் இருக்கும்மா"ன்னதும் தலையாட்டிட்டு அட்வான்ஸ் கொடுத்துடுவோம். அப்புறம் நிச்சயதார்த்தத்துல லக்னப் பத்திரிகை வாசிக்கிறப்ப முன் வரிசைக்குக் காது கிழியும், பின் வரிசைக்கு மாப்பிள்ளை பேர்கூடப் புரியாது. உடனே ஒரு சித்தப்பா எழுந்து "சத்தத்தை ஏத்துப்பா"ன்னு கையைக் காட்டுவார். அங்கதான் கெட்டுப் போகுது. பெரும்பாலான மண்டபங்கள்ல சத்தம் போதாம இல்லை. அது போக வேண்டிய இடத்துக்குப் போகலை.

அட்வான்ஸுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. காலி ஹால் நடுவுல நின்னு பலமா ஒரு தடவை கை தட்டுங்க. சத்தம் சட்டுனு அடங்கினா நல்ல ஹால். "ங்ங்ங்"னு இழுத்துக்கிட்டே போனா, டைல்ஸ் தரையும் கண்ணாடியும் மொட்டைச் சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்குதுன்னு அர்த்தம். பேச்சு தெளிவா புரியணும்னா அந்த இழுப்பு சுமார் 1 விநாடியில அடங்கணும். கூட்டம் வந்து உட்கார்ந்தா ஆளும் துணியும் கொஞ்சம் உறிஞ்சிக்கும். மீதிக்கு டெக்கரேஷன்காரர்கிட்ட சொல்லி, மேடைக்கு எதிர்ச்சுவர்ல கனமான துணியை மடிப்பு மடிப்பா தொங்கவிடச் சொல்லுங்க. பிளெக்ஸ் போர்டு இதுக்கு உதவாது, அதுவும் சுவர் மாதிரி சத்தத்தைத் திருப்பி அனுப்பிடும்.

அடுத்து ஸ்பீக்கர் பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு அண்ணாந்து பாருங்க. நிறைய இடத்துல கூரையோரம் நேரா மாட்டியிருப்பாங்க, சத்தம் நம்ம தலைக்கு மேல போய் எதிர்ச்சுவர்ல மோதும். சுவரா அட்சதை போட வந்திருக்கு? தலை உயரத்துக்கு மேல வச்சு, உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொல்லுங்க. இந்த ஒரு வேலைக்கே பாதி புகார் நின்னுடும்.

நீள ஹால்ல நடுவுல இன்னொரு ஜோடி பாக்ஸ் இருக்கும். சத்தம் விநாடிக்குச் சுமார் 1,100 அடிதான் போகும். மேடை பாக்ஸ்லேர்ந்து 55 அடி தள்ளி இருக்கிற பாக்ஸ் பக்கத்துல நீங்க உட்கார்ந்திருந்தா, அது முதல்ல பேசும், மேடைச் சத்தம் விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமா வந்து சேரும். ஒரே வார்த்தை ரெண்டு தடவை கேட்டுக் கலங்கிடும். நடு பாக்ஸையும் அதே அளவு தாமதமா பேச வைக்கிறதுதான் டிலே. "நடு பாக்ஸுக்கு டிலே போட்டிருக்கா?"ன்னு கேளுங்க. இந்தக் கேள்வி கேட்டதுமே மைக் செட்காரர் உங்களை மரியாதையா பார்ப்பார்!

"கீஈஈ"ன்னு ஊளையிடுறதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி. பாக்ஸ்ல வர்ற சத்தம் மறுபடி மைக்குக்குள்ள போய்ச் சுத்திச் சுத்தி வளர்றதுதான் அது. பாக்ஸ் முன்னாடி, மைக் அதுக்குப் பின்னாடி, இதுதான் விதி. மைக்கைக் கையில எடுத்துக்கிட்டு ஜனங்களுக்கு நடுவுல இறங்குற தொகுப்பாளினித் தங்கச்சிங்க இதைக் கவனிங்க. மைக்கோட வலைத் தலையைப் பொத்திப் பிடிச்சாலும் ஊளைதான், உடம்பைப் பிடிங்க. வாய்க்கும் மைக்குக்கும் 2 அங்குலம் போதும். தூரத்தைப் பாதியாக்கினா மைக்குக்கு 6 டெசிபல் கூடக் கிடைக்கும், குமிழைத் தொடவே வேண்டாம். திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை ரெண்டு மடங்கானா ஊளைக்கு முன்னால இருக்கிற இடைவெளி 3 டெசிபல் சுருங்கும். அதனால பேசாத மைக்கெல்லாம் மூடியிருக்கட்டும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மூடின ஹாலுக்குள்ள மைக் எதுக்குன்னு எனக்கு இன்னைக்கும் புரியலை.

எக்கோ குமிழ்மேல நம்ம ஊருக்கு ஒரு மோகம். பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், பேச்சுக்கு அதைப் பூஜ்யத்துல வைங்க. பேஸையும் குறைங்க, குரல் கணகணன்னு வெளிய வரும்.

"உம்ம்"னு அடியில ஓடிக்கிட்டே இருந்தா அது பெரும்பாலும் கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். போட்டோ ஓட்டுற லேப்டாப்போட சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, பல நேரம் அங்கேயே நின்னுடும். அப்பவும் நிக்கலைன்னா மைக் ஒயரும் சீரியல் லைட் ஒயரும் ஒரே கட்டா ஓடுதான்னு பாருங்க. பிரிச்சுப் போடணும், குறுக்கே போயே தீரணும்னா செங்குத்தா தாண்டணும். இரைச்சல் போகுதேன்னு எர்த் பின்னை உடைக்கிறவங்களைப் பார்த்தா மட்டும் சண்டை போடுங்க. மைக்கைத் தொடுற உதட்டுல ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து.

ரெண்டு பாக்ஸுக்கு நடுவுல நின்னா மட்டும் பாட்டு சப்பையாக் கேட்டா, ஒரு பாக்ஸ்ல பிளஸ் மைனஸ் ஒயர் மாறியிருக்கும். மாத்திப் போட ஐந்து நிமிஷ வேலை. கார்ட்லெஸ் மைக் விட்டு விட்டுக் கேட்டா புது பேட்டரி போட்டு, ரிசீவரை பீரோவுக்குப் பின்னாலேர்ந்து எடுத்து மேடை தெரியற மாதிரி வைங்க.

திறந்தவெளியில ரிசப்ஷன் வச்சா, 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. கச்சேரியை அதுக்குள்ள முடிக்கிற மாதிரி நேரம் குறிங்க.

கடைசியா ஒண்ணு. மைக் செட்காரரை முதல் பந்தியிலேயே சாப்பிட அனுப்பிடுங்க. வாழ்த்துரை நடக்கிறப்ப மிக்ஸர் பக்கத்துல ஆள் இருக்கணும்.