ஸ்மார்ட் ஸ்பூன் செய்வதற்கு முன்னால்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் யாராவது ஒருத்தர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான ஸ்பூனோடு வந்து நிற்பார். ஒரு அர்டுயினோ, ஒரு எம்பியு 6050 சென்சார், ரெண்டு செர்வோ மோட்டார். கை ஒரு பக்கம் ஆடினால் ஸ்பூன் எதிர்ப் பக்கம் ஆடி, உள்ளே இருக்கிற சாப்பாடு கொட்டாமல் நிற்கும். ஐடியா மோசமில்லை. அனுபம் பதக் என்ற பொறியாளர் தொடங்கிய லிஃப்ட் லேப்ஸ் இதைத்தான் செய்தது. 2014-ல் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கியது.

ஆனால் ரெண்டு விஷயம் இடிக்கிறது. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது. மடியில் வைத்திருக்கும் கை ஆடும், டம்ளரை எடுக்க நீட்டினால் அந்த ஆட்டம் பலருக்குக் குறைந்துவிடும். வேலை செய்யும்போது நடுக்கம் வருகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஸ்பூன் அதிகம் பொருந்துவது ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்ற வேறொரு கோளாறுக்கு. இரண்டாவது, நம்ம ஊரில் ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிடுகிற தாத்தா எத்தனை பேர்?

அப்படியென்றால் அவருக்கு என்னதான் கஷ்டம்? அதைக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்து ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனிதரின் நாளை நிரப்புகிற எல்லாமே இங்கே ‘ஆக்குபேஷன்’தான். பல் தேய்ப்பது, வேட்டி கட்டுவது, கோயிலுக்குப் போவது, தறியில் உட்காருவது, பேத்தியோடு தாயம் ஆடுவது, எல்லாம் சேர்த்தி. இந்தியாவில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-ல் மும்பை கேஇஎம் மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர்.

நோயைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் அவர்கள் செய்வது புரியும். மூளையின் அடிப்பகுதியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருமையான இடம் இருக்கிறது. அங்கே டோபமைன் தயாரிக்கும் செல்கள் மெல்ல அழிகின்றன. டோபமைன் குறைந்தால் பேசல் கேங்கிலியா என்ற பகுதி தடுமாறும். பழகிப்போன அசைவுகளை நாம் யோசிக்காமலே ஓட்டிக்கொடுக்கிற பகுதி அது. பைக் ஓட்டத் தெரிந்தவர் கியர் மாற்றுவதை யோசித்தா செய்கிறார்? அந்த ‘தானாக’ என்பதுதான் இங்கே போய்விடுகிறது. எல்லாம் மெதுவாகிறது, சின்னதாகிறது. நடை சுருங்கும், எழுத்து சுருங்கும், முகபாவம்கூட சுருங்கும். சிலருக்கு வாசற்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், சமதரையில் நின்றுபோன அதே ஆள் மாடிப்படியில் சரளமாக ஏறுவார். ஒவ்வொரு படியும் ‘இங்கே வை’ என்று கண்ணுக்குச் சொல்கிறது அல்லவா? ஆட்டோ மோடு பழுதானாலும் மேனுவல் மோடு வேலை செய்கிறது. கண்ணுக்கோ காதுக்கோ வெளியிலிருந்து ஒரு குறிப்பு கொடுத்தால் போதும். தெரபியில் பாதி இந்த ஒரே விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

இப்போது தென்னேரி மாதிரி ஒரு ஊரில் ஒரு நெசவாளர் வீட்டை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள். காலையில் பாயிலிருந்து எழுவதே முதல் சண்டை. புரள முடியாது. கொஞ்சம் உயரமான கட்டிலுக்கு மாற்றி, இடுப்பு படும் இடத்தில் மட்டும் வழவழப்பான துணி ஒன்றை விரித்தால் புரள்வது சுலபமாகும். வெளிநாட்டில் இதற்கு சாட்டின் துணியைச் சொல்வார்கள். பட்டு நெய்கிற ஊரில் வழுக்கும் துணிக்கா பஞ்சம்! (முழுக் கட்டிலுக்கும் விரித்துவிடாதீர்கள், ஆள் வழுக்கிக் கீழே வருவார்.) நாற்காலியிலிருந்து எழுவதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்: முன்னால் நகர், பாதத்தைப் பின்னுக்கு இழு, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை குனி, ஒண்ணு ரெண்டு மூணு, எழு. நமக்கு ஒரே அசைவு, அவருக்கு நாலு. நாலையும் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தால் முடிகிறது.

நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுவார். நிற்கவிட்டு, இடம் வலம் எடையை மாற்றச் சொல்லி, பெரிய எட்டாக எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டினால் சிலருக்கு நன்றாகவே உதவும். குளியலறையில் உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், பிடித்துக்கொள்ள கம்பி. இந்தியன் டாய்லெட்டுக்கு மேல் கமோடு நாற்காலி. வேட்டி முடிச்சு நிற்கவில்லையா, கடையில் கிடைக்கிற ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி. எழுத்து சின்னதாகிறவர்களுக்குக் கோடு போட்ட தாளில் எழுதச் சொல்வார்கள், கோடு கண்ணுக்குக் குறிப்பு. என்னைக் கேட்டால் புள்ளிக்கோலத்துக்கும் அதே குணம் உண்டு. எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதைப் புள்ளியே சொல்லிவிடுகிறதே.

தறிக்கு வருவோம். குழித்தறியில் காலைக் குழியில் விட்டு மிதிக்க வேண்டும், கை நாடாவை ஓட்ட வேண்டும், கண் இழையைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் ரெண்டு மூணு வேலை என்பதுதான் இந்த நோய்க்கு ஜென்ம விரோதி. “இனிமே தறி பக்கம் போகாதீங்கப்பா” என்று பிள்ளைகள் சொல்வது இயல்புதான். தெரபிஸ்ட் அப்படிச் சொல்ல அவசரப்பட மாட்டார். தறி வேலையைப் பிரித்துப் பார்ப்பார். குழியில் இறங்கி ஏறுவது ஆபத்தா? பக்கத்தில் உறுதியான கைப்பிடி போடலாம். அறுந்த ஜரிகையை முடிவது முடியவில்லையா? அதை வேறொருவர் செய்யட்டும். கோர்வைச் சேலைக்கு எப்படியும் ரெண்டு பேர் உட்காருவது வழக்கம்தானே, யார் எந்தப் பக்கம் என்று மாற்றிப் பார்க்கலாம். இதெல்லாம் நான் போட்ட கணக்கு. உண்மையில் எது சரிவரும் என்பது அந்த ஆளையும் அந்தத் தறியையும் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இப்படி நேரில் பார்ப்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நெதர்லாந்தில் 191 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் லான்செட் நியூராலஜியில் வந்தது. பத்து வாரம் தெரபிஸ்ட் வீட்டுக்கே போய், நோயாளி தானே தேர்ந்தெடுத்த வேலைகளில் மட்டும் பயிற்சி கொடுத்தார். அந்த வேலைகளைத் தாங்கள் செய்யும் விதம் முன்னேறியதாக அவர்கள் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில் பிரிட்டனிலிருந்து எதிர்மாறான முடிவு வந்தது. அங்கே 762 பேர், நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்கள். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் சேர்த்து, பெரும்பாலோருக்கு நாலைந்து சந்திப்புகள்தான். அன்றாட வேலைகளில் குறிப்பிடும்படி பலன் இல்லை. ரெண்டு ஆய்வும் அளந்தது ஒன்றையே அல்ல, அதனால் நேராக ஒப்பிட முடியாது. எனக்குப் படுவது, இது ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு தைக்க வேண்டிய சட்டை. ரெடிமேடில் கொடுத்தால் நிற்காது.

நெதர்லாந்துக்காரர்கள் அளக்கப் பயன்படுத்திய கருவிக்கு சிஓபிஎம் என்று பெயர், கனடாவில் உருவானது. உங்களுக்கு முக்கியமான வேலைகள் எவை என்று கேட்டு, ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை நோயாளியையே மார்க் போடச் சொல்வது. அவ்வளவுதான். நம்ம பாஷையில் சொன்னால் ரிக்வயர்மென்ட் கேதரிங். நாம் அதைத் தாண்டிக் குதித்து நேரே சர்க்யூட்டுக்குப் போய்விடுகிறோம்.

கேட்கப் போகிறவர்கள் மாத்திரை நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லீவோடோபா வேலை செய்கிற நேரத்தில் ஆள் ஒரு மாதிரி, அது தேய்ந்த நேரத்தில் முற்றிலும் வேறு மாதிரி. ‘ஆன்’, ‘ஆஃப்’ என்றே சொல்கிறார்கள். குளியல், வெளியே போவது போன்ற கடினமான வேலைகளை ஆன் நேரத்துக்குத் தள்ளுவதே ஒரு தெரபி. பருப்பு, முட்டை மாதிரி புரதச் சாப்பாடு லீவோடோபா உடம்பில் ஏறுவதைத் தடுக்கக்கூடும் என்பதால் சாப்பாட்டு நேரமும் இதில் வரும். ஆனால் மாத்திரை நேரத்தை மாற்றுவது டாக்டர் வேலை, நம்முடையது அல்ல. இந்த லீவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதற்காக விதைப் பொடியை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதில் அளவு நிலையாக இருக்காது.

இன்னொரு விஷயம் ப்ராஜெக்டில் வராது, வீட்டில் தினமும் வரும். சட்டைப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. நமக்குக் காலேஜ் பஸ் பிடிக்க வேண்டும். “குடுங்க தாத்தா, நான் போட்டு விடறேன்.” அன்பில்தான் செய்கிறோம். அடுத்த மாதம் அவர் பொத்தான் பக்கம் கையையே கொண்டுபோக மாட்டார். அதனால்தான் தெரபிஸ்ட் வீட்டில் இருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசுகிறார்: எங்கே உதவ வேண்டும், எங்கே பத்து நிமிஷம் முன்னதாக ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று.

தென்னேரிப் பக்கம் இருப்பவர்கள் வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாகக் காட்டாங்கொளத்தூர் போனால் எஸ்ஆர்எம்மில் ஆக்குபேஷனல் தெரபி கல்லூரி இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெடிலும் இந்தத் துறை உண்டு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் அரசுச் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். யுடிஐடி அட்டைக்கான விண்ணப்பம் ஆன்லைனில்தான். தாத்தாவால் அந்தப் படிவத்தை நிரப்ப முடியாது, நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். கையெழுத்தை மட்டும் அவரே போடட்டும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.