விதை பொது, பெயர் நமது

"விதைக்கு யாரும் உரிமை கொண்டாடக் கூடாதுன்னு சொல்ற நாமளே, மாவுப் பொட்டலத்துப் பெயருக்கு உரிமை கேட்கலாமா?" பென்னாகரம் பக்கத்தில் நடந்த எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். விதை வேறு, பெயர் வேறு என்று பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 39-வது பிரிவில் இதைச் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டு போட்டு விதையாக விற்கக் கூடாது என்பதே தடை. 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டு, ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நட்ட ஈடு கேட்டது. உழவர் அமைப்புகள் இந்தப் பிரிவைக் காட்டி எதிர்த்தன. அந்த மே மாதமே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது.

பெயர் அப்படியல்ல. சாமையை யாரும் விளைவிக்கலாம், விற்கலாம். ஆனால் நம் பெயரைப் போட்டு வேறு மாவை விற்றால் வாங்குகிறவர் ஏமாறுகிறார், நம் மேல் உள்ள நம்பிக்கை போகிறது. எங்கள் குழுவுக்கே இது நடந்தது. ஒரு வியாபாரி எங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே பச்சைப் பொட்டலத்தில் கேழ்வரகு மாவு விற்றார். "உங்க மாவுல வண்டு இருக்குங்க" என்று வாடிக்கையாளர் போன் செய்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்படி நடந்தால் என்ன செய்யலாம்?

1. சண்டைக்குப் போவதற்கு முன் ஆதாரம் சேருங்கள். அந்தப் பொட்டலத்தை பில்லோடு வாங்குங்கள். உங்கள் பழைய பில், லேபிள் அச்சடித்த ரசீது, உணவு உரிமச் சான்று எல்லாம் எடுத்து வையுங்கள். யார் முதலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியது என்பதுதான் முக்கியம்.

2. வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். எங்கள் விஷயம் இதோடு முடிந்தது. பழைய பில் நகல்களையும் சேர்த்து அனுப்பினோம், அவர் பொட்டலத்தை மாற்றிவிட்டார்.

3. உங்கள் உரிம எண்ணையே போட்டிருந்தாலோ, சான்று இல்லாமல் 'இயற்கை' என்று விற்றாலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

4. கடைசி வழி மாவட்ட நீதிமன்றம். பெயரைப் பதிவு செய்யாதவரும் வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பெயர் மக்களிடம் நம்முடையதாகப் பதிந்திருக்கிறது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் இந்தப் பாடு குறையும்.

வணிகக் குறியை (டிரேடு மார்க்) ஆன்லைனில் பதிய, தனிநபருக்கும் உத்யம் சான்றுள்ள சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மாவும் அரிசியும் 30-வது வகுப்பு. பதப்படுத்தாத தானியமும் விதையும் 31. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அரசு இதழில் வெளியாகும், நான்கு மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

'தருமபுரி கேழ்வரகு', 'இயற்கைச் சாமை' போன்ற பெயர்களைப் பதிவது கடினம். அவை ஊரையும் பொருளையும் சொல்பவை, எல்லோருக்கும் பொதுவானவை. தனித்துத் தெரியும் பெயராக வையுங்கள். குழுவின் பெயரை செயலாளர் பெயரில் பதியாமல், பதிவான சங்கம் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பெயரில் பதியுங்கள். நாளைக்கு அவர் விலகினால் பெயரும் அவரோடு போய்விடக் கூடாது.

பெரியவருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: நம்ம சாமை விதையை யார் கேட்டாலும் கொடுப்போம். நம்ம பெயரைப் போட்டு இன்னொருத்தர் மாவை விற்க மட்டும் விடமாட்டோம். உங்கள் குழுவின் முதல் பில்லை இந்த வாரமே தேடி எடுத்து, ஒரு நகலும் போட்டு வையுங்கள்.