தோல் ஷாப்புக் கழிவுநீரும் குடியானவர் பிள்ளைகளின் பொறியியற் கல்வியும்

காட்பாடியைச் சூழ்ந்த கிராமங்களில் நிலமுடைய குடும்பத்தார் தம் மக்களை இஞ்சினீயரிங் படிப்பிற்கு அனுப்புவது புதிதன்று. 1984ஆம் ஆண்டில் 180 மாணாக்கருடன் இவ்வூரில் தொடங்கப்பெற்ற வேலூர் இஞ்சினீயரிங் காலேஜ், 2001இல் வி.ஐ.டி. என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வேலூர் பாகாயத்தில் 1990இல் ஏற்பட்ட அரசினர் கல்லூரியும் உளது. ஆயினும் எப்பிரிவு என வினவினால், பெரும்பாலோர் கம்ப்யூட்டர் ஒன்றையே கூறுகின்றனர். அதனைக் குறை கூறுவது எமது நோக்கமன்று; நம் கிணறுகளைக் கெடுத்த தொழிலையே கற்றுத் திருத்துதற்கும் ஒரு கல்வி உண்டென்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதலானோம்.

வாணியம்பாடி, ஆம்பூர் முதல் இராணிப்பேட்டை வரையிலுள்ள தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையை எங்ஙனம் கெடுத்ததென்பது யாவரும் அறிந்ததே. இது பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தனர். ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதும், சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முற்றுமோ ஓரளவோ சாகுபடிக்குதவாது போனதும் அத்தீர்ப்பிற் கூறப்பட்டுள.

இக்கேடு நேர்வது எவ்வாறு? பச்சைத் தோல் அழுகாதிருக்கச் சோற்றுப்பு இடுவர். தொட்டியில் ஊறவைக்குங்கால் அவ்வுப்பு நீரில் இறங்கும். அந்நீர் பாயும் நிலத்தில் சோடியம் மிகுந்து, மண் இறுகி, வேர் மூச்சுவிட மாட்டாது. பதனிடும் குரோமிய உப்பிலும் ஒரு பகுதியே தோலிற் பற்றும். எஞ்சியது கழிவோடு போகும். கழிவில் காரப்பொருள் சேர்த்தால் குரோமியம் வண்டலாகப் படியும். அதனைக் கந்தக அமிலத்திற் கரைத்து மீண்டும் பதனிட உபயோகிக்கலாம். இது இப்போது வழக்கில் உள்ள முறையே. சோற்றுப்போ அவ்வளவு எளிதில் அகப்படுவதன்று. நுண்சவ்வின் வழியே நீரை அழுத்திப் பிரித்தாலும் கடும் உப்புநீர் மிஞ்சும். அதனைக் காய்ச்சி வற்றச்செய்ய எரிபொருட் செலவு பெரிது. முடிவில் நிற்கும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது? அதனை மூட்டை மூட்டையாகக் குவித்து வைப்பது தீர்வாகாது. கிணற்று நீர் உவர்த்ததைத் தன் நாவால் அறிந்த பிள்ளைக்கு இவ்வினா வெறும் பாடமாகத் தோன்றாதென்பது எமது துணிபு.

சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன், அண்ணா பல்கலைக்கழகத்து அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பப் பட்டம் கற்பிக்கப்படுகிறது. இரசாயனப் பொறியியலும் இப்பணிக்கு ஏற்றதே. ஆண், பெண் இருபாலரும் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பிற் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் வேண்டும். பத்தாம் வகுப்புடன் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்றோர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழியுண்டு.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் படித்தோர்க்கு 2021 முதல் இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பயில்வோர்க்குரிய கட்டணச் சலுகைக்கு முதற் பட்டதாரிச் சான்றிதழ் இன்றியமையாதது. கிராம நிர்வாக அலுவலர்கள் இம்மனுக்களின்மீது விசாரணையைத் தாமதிக்கலாகாது. கலந்தாய்வு தொடங்கியபின் கைக்கு வரும் சான்றிதழால் மாணாக்கர்க்கு அலைச்சலே மிஞ்சும்.